சீற்றை இறக்கினால் சரிவருமா?

எனக்கென்று அளவெடுத்து வாங்கிய சாமான் எதுவும் சின்ன வயதில் எங்கட வீட்டில் இருந்ததாக ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடச் சப்பாத்து எப்பவும் ஒரு சைஸ் பெரிது. நுனியில் பஞ்சு அடைத்துப் போடுவேன். வெள்ளைச் சட்டையின் விளிம்பில் மூன்று விரல் மடிப்பு இருக்கும், வருடத்துக்கு ஒரு விரல் அவிழும். இத்தனைக்கும் அம்மா வீட்டில் தையல் மெசின் வைத்து ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவ. ஊர்ப் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைப்பா. எனக்கு மட்டும், "வளருற பிள்ளைதானே, பெரிசாய் இருந்தால் பிறகும் உதவும்" என்பா.

சைக்கிளும் அப்படித்தான். ஓடப் பழகினது அப்பாவின் பார் வைத்த பெரிய சைக்கிளில். சீற்றில் ஏறிக் கால் எட்டாது, பாருக்குக் கீழால் ஒரு காலை நுழைத்து நெளிந்து நெளிந்து ஓடுவேன். பிறகு அண்ணாவின் லுமாலா. ஏ.எல். படிக்கும்போது மச்சாள் கனடா போக, அவவின் லேடீஸ் சைக்கிள் எனக்கு வந்தது. எல்லாம் யாரோ ஓடின சைக்கிள்கள். சைக்கிளுக்கு ஏற்ற மாதிரி நான் வளைவேன், எனக்கு ஏற்ற மாதிரி சைக்கிள் இருக்க வேணும் என்ற யோசனையே வந்ததில்லை.

அந்த யோசனை வருவதற்கு 185,000 ரூபாவும் ஒரு முழங்கைத் தோலும் செலவானது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். ட்ரையத்லன் சைக்கிள் ஒன்று வாங்க யோசிக்கிற யாராவது இதை வாசித்தால் எனக்குப் போனதில் பாதியாவது மிஞ்சும்.

*

2022 இல் பெற்றோல் இல்லாமல் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். லைனில் நின்று அலுத்துப்போய், கொக்குவிலில் இருந்து ரவுணுக்கு வேலைக்குப் போக மச்சாளின் சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தேன். எங்கட ஊருக்கு இது புதிதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணமே சைக்கிளில்தான் ஓடியது என்று அப்பா சொல்லுவார். டைனமோவைச் சுத்தி ரேடியோவில் செய்தி கேட்ட கதையும் வரும். எனக்கெண்டால் அது முதல் அனுபவம். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் சைக்கிளை விட மனம் வரவில்லை. வேலையிடத்துச் சிநேகிதிகள் இரண்டு பேரும் சேர, விடியப்புறம் ஐந்து மணிக்கு வெளிக்கிட்டுக் காரைநகர் வரைக்கும் போய் வரத் தொடங்கினோம்.

அதில் ஒருத்தி நல்லாக நீந்துவாள். அவள்தான் ஒருநாள் கேட்டாள், "நீந்தி, ஓடி, சைக்கிளும் ஓடுற போட்டி ஒண்டு இருக்குதெல்லே, நாங்களும் செய்து பாத்தால் என்ன?"

ட்ரையத்லன் பல நீளத்தில் இருக்கிறது. ஒலிம்பிக்கில் இருப்பது 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். 2018 இல் கொழும்பில் முதன்முதலாக நடந்த அயர்ன்மேன் 70.3 இல் 1.9, 90, 21.1 கிலோமீற்றர். மூன்றையும் மைல் கணக்கில் கூட்டினால் வருவதுதான் அந்த 70.3. நாங்கள் ஒலிம்பிக் நீளத்தைத் தெரிந்தெடுத்தோம். போட்டியாக இல்லை, நாங்கள் மூன்று பேரும் எங்களுக்கே வைப்பதாக. அடுத்த பங்குனியில், கடல் அடங்கியிருக்கும்போது, கசூரினாக் கடற்கரையில்.

மற்ற இருவரும் இருக்கிற சைக்கிளிலேயே ஓடுவதென்று முடிவெடுத்தார்கள். அதுதான் சரியான முடிவு. முதல் ட்ரையத்லனுக்கு விசேச சைக்கிள் வேண்டவே வேண்டாம், பிறேக் ஒழுங்காகப் பிடித்தால் காணும். எனக்குத்தான் ஆசை அடங்கவில்லை. இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டுக்காசு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. கொழும்பில் பழைய சைக்கிள் விற்கிற ஒருவரிடம் அலுமினிய பிறேம் போட்ட ட்ரையத்லன் சைக்கிள் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, இரவு பஸ் ஏறினேன்.

கறுப்பும் சிவப்பும். முன்னுக்கு இரண்டு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஏரோ பார். பிறேமில் 54 என்று ஒட்டியிருந்தது. விற்றவர் என்னைப் பாருக்கு மேலால் காலைப் போட்டு நிற்கச் சொன்னார். நின்றேன். உடம்புக்கும் பாருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

"பாத்தீங்களா தங்கச்சி, உங்களுக்கெண்டே செய்த மாதிரி. சீற்றைக் கொஞ்சம் இறக்கினால் சரி."

சீற்றை இறக்கினார். ஏறி இருந்தேன், கால் எட்டியது. ஹாண்டில் தூரமாகத்தான் இருந்தது. ஓட்டப் பந்தயச் சைக்கிள் என்றால் அப்படித்தான் இருக்குமாக்கும் என்று நினைத்தேன். கேட்க வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டா, "காணுமே இது உனக்கு?"

"கடைசி வரைக்கும் காணும்" என்றேன்.

*

இந்த இடத்தில் ட்ரையத்லன் சைக்கிள் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்ல வேணும். அது விளங்கினால்தான் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் விளங்கும்.

சைக்கிளில் வேகமாகப் போகப் போக எங்களை மறிக்கிற பெரிய எதிரி காற்று. அதிலும் பெரிய தடை சைக்கிள் இல்லை, அதன் மேல் இருக்கிற எங்கட உடம்பு. அதனால் நெஞ்சைத் தாழ்த்தி, கைகளை ஒடுக்கி முன்னுக்கு நீட்டினால் அதே பலத்தில் வேகம் கூடும். அதற்குத்தான் ஏரோ பார். முழங்கை இரண்டும் தாங்கிகளில் இருக்கும், கைகள் முன்னுக்குப் போகும். இதை முதலில் பெரிதாகப் பாவித்தது ட்ரையத்லன்காரர்கள்தான். 1989 தூர் தெ பிரான்ஸின் கடைசி நாளில் அமெரிக்கரான கிரெக் லெமோண்ட் இந்த வகைப் பாரோடு ஓடி, முன்னுக்கு நின்ற லோரன் ஃபின்யோனை மொத்தக் கணக்கில் வெறும் 8 செக்கனால் வென்றார். அதற்குப் பிறகு இந்தப் பாரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆனால் சாதாரணச் சைக்கிளில் இருந்தபடி நெஞ்சை மட்டும் தாழ்த்தினால் ஒரு கரைச்சல் இருக்கிறது. இப்பவே செய்து பார்க்கலாம். கதிரையில் இருந்து, நெஞ்சை முன்னுக்குச் சரித்து, அப்படியே ஒரு முழங்காலை உயர்த்துங்கள். வயிறு நெரியும், மூச்சு முட்டும். அந்த நிலையில் 40 கிலோமீற்றர் பெடல் மிதித்துவிட்டு இறங்கி ஓடவும் வேணும். இதற்கு ட்ரையத்லன் சைக்கிள் கண்டுபிடித்த வழி, முழு ஆளையும் அப்படியே முன்னுக்கு உருட்டுவது. கிராங் சுழலுகிற அச்சை நடுவாக வைத்து, சீற்றையும் இடுப்பையும் முன்னுக்குக் கொண்டுவருவார்கள். சாதாரண றோட் சைக்கிளில் சீற்றைத் தாங்குகிற குழாய் 73 பாகை அளவில் சரிந்திருக்கும். ட்ரையத்லன் சைக்கிளில் அது 76, 78, சிலதில் 80 பாகை வரைக்கும் நிமிர்ந்திருக்கும். அப்போது நெஞ்சு தாழ்ந்தாலும் தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடம் இருக்கும்.

அதாவது இந்தச் சைக்கிளில் எங்கட மேலுடம்பின் பாரத்தின் பெரும் பங்கை முழங்கைகள் தாங்குகின்றன. அந்தத் தாங்கிகள் சரியான உயரத்தில், சரியான தூரத்தில் இல்லாவிட்டால் கழுத்து, தோள், முதுகு, முழங்கால் என்று எல்லாம் ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்கும்.

என்னிடம் முதலில் கேட்டது கழுத்து. 10 கிலோமீற்றர் தாண்ட, பின்கழுத்தில் யாரோ பெருவிரலால் அழுத்துகிற மாதிரி இருக்கும். பிறகு தோள். பிறகு வெளியில் சொல்ல வெட்கமான இடங்களில் உரசல். எல்லாவற்றையும் பழக்கக் குறைவு என்று நினைத்தேன். ஹாண்டிலை எட்டுவதற்காகச் சீற்றை முன்னுக்குத் தள்ளினேன், முழங்காலின் முன்பக்கம் நோகத் தொடங்கியது. ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஸ்ரெம்மை 90 மில்லிமீற்றரில் இருந்து 60 மில்லிமீற்றருக்கு மாற்றினேன். முழங்கைத் தாங்கிகளைப் பின்னுக்கு இழுக்கக்கூடிய அளவுக்கு இழுத்தேன். ஒவ்வொரு மாற்றத்தோடும் இரண்டு நாள் சுகமாக இருக்கும், பிறகு வேறொரு இடம் நோகும்.

ஸ்ரெம்மைக் கட்டையாக்கியதில் இன்னொரு விளைவும் இருந்தது. முழங்கைகள் ஹாண்டில் திரும்புகிற அச்சுக்குக் கிட்டவும் பின்னுக்கும் வந்துவிட்டதால், சைக்கிள் சின்ன அசைவுக்கும் படக்கென்று திரும்பும். காற்றில்லாத சித்திரை மாதத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

ஆனியில் சோளகம் தொடங்கியது.

பொன்னாலைப் பாலம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் கடல், மறைக்க ஒரு பனை கூட இல்லை. காரைநகர்ப் பக்கம் போகும்போது சோளகம் நேராக இடக்கைப் பக்கத்தில் அடிக்கும். ஏரோ பாரில் குனிந்தபடி போய்க்கொண்டிருந்தேன். ஒரு வீச்சு வந்து என்னை றோட்டின் நடுவுக்குத் தள்ளியது. எதிரே மினிபஸ். பிறேக் ஏரோ பாரில் இல்லை, கீழே அகலமாக இருக்கிற பாரில். கையை எடுத்து அங்கே வைக்க வேணும். ஒரு கையை எடுத்ததும் மற்ற முழங்கையால் சைக்கிள் இடப்பக்கம் வெட்டியது. கரையில் இருந்த கல்லில் விழுந்தேன். மினிபஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

முழங்கைத் தோல் போனது, முன் சில்லு நெளிந்தது. அதைவிட ஒன்றும் இல்லை. பின்னால் வந்த சிநேகிதி இறங்கி ஓடிவந்து தூக்கினாள். அவளின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நடுக்கம் பின்னேரம்தான் வந்தது.

*

எங்கட சந்தியடியில் ஒரு ஐயா சைக்கிள் திருத்துகிறார். வயது 65க்கு மேலே இருக்கும். ட்ரையத்லன் என்ற சொல்லை நான் சொல்லித்தான் கேட்டார். நெளிந்த சில்லைக் கழற்றுவதற்கு முதல் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு சீற்றைக் கையால் தடவினார்.

"பிள்ளை, இதை எவ்வளவு காலமாய் ஓடுறீர்?"

"மூண்டு மாசம், ஐயா."

"சீற்றின்ர நுனி மட்டும்தான் தேஞ்சிருக்கு. பின்பக்கம் புதுசு மாதிரி. நீர் இதில இருக்கேல்லப் பிள்ளை. நுனியில தொங்கிக்கொண்டு போறீர்."

நான் ஸ்ரெம் மாற்றினது, தாங்கியைப் பின்னுக்கு இழுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாரைத் தட்டிக் காட்டினார். "நீர் மாத்தினது எல்லாம் பூட்டுற சாமான். இது பத்தவைச்சது. இது நீளமெண்டால் என்ன செய்யிறது?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உண்மையைச் சொல்ல இரண்டு நாள் எடுத்தது. சீட்டுக்காசு முழுக்க அதில் இருந்ததும், "கடைசி வரைக்கும் காணும்" என்று நான் சொன்னதும் தொண்டையில் நின்றன. அம்மா கோபப்படவில்லை. மெசினில் இருந்த சட்டையைத் தூக்கிக் காட்டிச் சொன்னா, "அகலம் கூடினால் பிடிக்கலாம். நீளம் கூடினால் மடிக்கலாம். தோள் பிழைச்சால் சட்டையை அவிட்டுத் திரும்ப வெட்டோணும். நீ தோளைப் பாக்காமல் வாங்கிப்போட்டாய்."

சைக்கிளில் தோள் எது என்று தேடத் தொடங்கினேன்.

*

தேடினதில் விளங்கியதை முடிந்தளவு சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

பிறேமில் ஒட்டியிருக்கும் 54, 51, எம், எல் போன்ற இலக்கங்களையும் எழுத்துக்களையும் நம்பி வாங்க முடியாது. முந்தி அது சீற்றுக் குழாயின் நீளம். இப்போது பார் சரிந்தும் குழாய்கள் வளைந்தும் வருவதால், ஒரு கொம்பனியின் 54 இன்னொரு கொம்பனியின் 52 ஆக இருக்கலாம். பாருக்கு மேலே நின்று பார்ப்பதும் காலின் நீளத்தை மட்டும்தான் சொல்லும். சீற்றின் உயரத்தைத்தான் எப்பவும் ஏற்றி இறக்கலாமே! மாற்றக்கூடியதை அளந்துவிட்டு, மாற்ற முடியாததை விட்டுவிட்டோம்.

பார்க்க வேண்டியது இரண்டு அளவு. ஒன்று ஸ்ராக். கிராங் அச்சின் நடுவில் இருந்து, ஹாண்டில் பூட்டுகிற முன்குழாயின் மேல் விளிம்பு எவ்வளவு உயரம் என்பது. மற்றது ரீச். அதே அச்சில் இருந்து அதே விளிம்பு எவ்வளவு தூரம் முன்னுக்கு இருக்கிறது என்பது. இந்த இரண்டு அளவையும் வைத்துச் சைக்கிள்களை ஒப்பிடலாம் என்ற வழியைப் பரப்பியவர் டான் எம்ஃபீல்ட் என்ற அமெரிக்கர். 1980களின் கடைசியில் ட்ரையத்லனுக்கென்றே தனியாகச் சைக்கிள் செய்யத் தொடங்கியவரும் அவர்தான்.

கொம்பனிகள் இந்த அளவுகளைத் தங்கட அட்டவணையில் போடுகின்றன. பழைய சைக்கிள் என்றால் வீட்டிலேயே அளக்கலாம். சைக்கிளை நேராக நிமிர்த்தி, முன் சில்லைச் சுவரில் முட்ட வையுங்கள். சுவரில் இருந்து கிராங் அச்சுக்கு எவ்வளவு தூரம், சுவரில் இருந்து முன்குழாயின் மேல் நடுப்பகுதிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து, ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்தால் ரீச். நிலத்தில் இருந்து இரண்டின் உயரத்தையும் அளந்து கழித்தால் ஸ்ராக். அம்மாவின் அளவு நாடாவால் அளந்தேன். என் சைக்கிளின் ஸ்ராக் 52 சென்ரிமீற்றர், ரீச் 42.5.

அது எனக்குக் கூடவா குறையவா? அதை அறிய சைக்கிளை விட்டுவிட்டு என்னை அளக்க வேண்டியிருந்தது.

உயரம் 164 சென்ரிமீற்றர். காலின் உள் நீளத்தை அளக்க வெறுங்காலோடு சுவரில் முதுகை வைத்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவில் மேலே இறுக்கி, அதன் மேல் விளிம்பில் இருந்து நிலம் வரைக்கும் அளக்க வேணும். எனக்கு 78. அதை 0.883 ஆல் பெருக்கினால் கிராங் அச்சில் இருந்து சீற்றின் மேல்பக்கம் வரைக்குமான உயரம் ஏறக்குறைய வரும் என்பது லெமோண்டின் பெயரில் வழங்குகிற கணக்கு. எனக்கு 68.9. இது தொடங்குவதற்கான இலக்கம் மட்டும்தான். சப்பாத்துக்கும் கிராங் நீளத்துக்கும் ஏற்றபடி கொஞ்சம் மாறும்.

இதில்தான் என் கதை பிடிபட்டது. என் உயரத்துக்கு என் கால்கள் நீளம், மேலுடம்பு கட்டை. கொழும்பில் பாருக்கு மேலால் நின்றபோது என் கால் "54 சரி" என்றது. மேலுடம்பை ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு சிநேகிதியின் சின்ன றோட் சைக்கிளை எங்கட ஹோலுக்குள் கொண்டுவந்து, பின்சில்லை ஸ்ராண்டில் ஏற்றி, என் ஏரோ பாரைக் கழற்றி அதில் பூட்டினோம். சீற்றை 68.9இல் வைத்து, முன்னுக்குத் தள்ளினோம். ஒருத்தி பக்கத்தில் இருந்து போனில் வீடியோ எடுக்க, மற்றவள் தாங்கியை முன்னும் பின்னும் மேலும் கீழும் மாற்ற, நான் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் மிதித்தேன். பார்த்தது மூன்று விசயம். மேற்கை நெஞ்சோடு ஏறக்குறைய ஒரு மூலைமட்டம் மாதிரி நிற்குதா? பெடல் கீழே போகும்போது முழங்கால் முழுக்க நீளாமல் கொஞ்சம் மடிந்திருக்குதா? பெடல் மேலே வரும்போது தொடை வயிற்றில் இடிக்குதா? இதற்கெல்லாம் மேலே ஒரு கேள்வி இருக்கிறது. பத்து நிமிடத்துக்குப் பிறகும் நிமிர வேணும் போல இல்லாமல் இருக்குதா? படத்தில் எவ்வளவு வடிவாக இருந்தாலும், நின்று பிடிக்க முடியாத நிலை வேகம் தராது. நிமிர்ந்தால் காற்று திரும்பவும் பிடித்துக்கொள்ளும்.

அம்மா தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தா. "தோள் இப்ப காதுக்கு மேல ஏறி நிக்கேல்ல" என்று சொன்னது அவதான். வீடியோவில் நாங்கள் மூன்று பேரும் கவனிக்காதது அது.

அந்த நிலையில் கிராங் அச்சில் இருந்து முழங்கைத் தாங்கி வரைக்கும் அளந்தோம். உயரம் 57, முன்னுக்கு 41. என் கறுப்புச் சிவப்புச் சைக்கிளில், மாற்றக்கூடியது எல்லாவற்றையும் மாற்றின பிறகும், உயரம் 62, தூரம் 44. உயரத்தை இனி இறக்க முடியாது, முன்குழாயே அவ்வளவு உயரம். தூரத்தை இன்னும் குறைத்தால் சைக்கிள் இன்னும் வெட்டும். பிறேம் பிழை. பழக்கக் குறைவும் இல்லை, என் உடம்பின் குறையும் இல்லை.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று மாதமாக என் கழுத்தைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

*

விற்க வேணும். விற்றால்தான் வேறு வாங்கலாம்.

முதலில் வந்தது வவுனியாவில் இருந்து ஒரு தம்பி. ஏ.எல். முடித்து ஒரு வருடம் இருக்கும். உயரம் ஏறக்குறைய என்னளவுதான். அப்பா கட்டாரில் இருந்து அனுப்பின 170,000 ரூபாவை ஒரு கடித உறைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தான். சைக்கிளைக் கண்டதும் அவன் முகம் போன போக்கு எனக்கு நல்லாகத் தெரியும். கொழும்பில் என் முகமும் அப்படித்தான் போயிருக்கும். அவனாகவே பாருக்கு மேலால் காலைப் போட்டு நின்றான். இரண்டு விரல் இடைவெளி.

"அக்கா, எனக்குச் சரிதானே?"

அந்தக் காசு எனக்குத் தேவையாக இருந்தது. 15,000 மட்டும்தான் நட்டம், அன்றைக்கே முடிந்துவிடும். "சீற்றைக் கொஞ்சம் இறக்கினால் சரி" என்ற வசனம் வாய் நுனியில் வந்து நின்றது. அதில் பொய்யும் இல்லை. இறக்கினால் கால் எட்டும்தானே.

அவனை ஏற்றி, வீடியோ எடுத்துக் காட்டினேன். கை இரண்டும் நீண்டு, இடுப்பு சீற்றின் நுனிக்கு வந்திருந்தது. "தம்பி, இது உங்களுக்கு நீளம்" என்றேன். அவன் நம்பவில்லை. விலையைக் கூட்டப் பார்க்கிறேன் என்று நினைத்தான். "170க்கு மேல என்னட்ட இல்லை அக்கா" என்றான். காசு பிரச்சினை இல்லை என்று விளங்கப்படுத்தி, ரீச், ஸ்ராக் எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்காமல் போய்விட்டான்.

அன்றிரவு நான் என்னைப் பற்றிப் பெருமையாக ஒன்றும் நினைக்கவில்லை. மூன்று நாள் மடைச்சி மாதிரித்தான் இருந்தது. அண்ணா போனில் சிரித்தான். "உனக்கு வித்தவன் இப்பிடி யோசிச்சவனே?" என்று கேட்டான்.

இரண்டு மாதம் கழித்து, ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான ஒரு ரீச்சர் அண்ணா வாங்கினார். அவர் ஏறி முழங்கையை வைத்ததுமே தெரிந்தது, அந்தச் சைக்கிள் யாருக்காகச் செய்யப்பட்டதென்று. பழைய 90 மில்லிமீற்றர் ஸ்ரெம்மைத் திருப்பிப் பூட்டிக் கொடுத்தேன். 140,000. நட்டம் 45,000.

*

இப்போது ஓடுவதும் பழைய சைக்கிள்தான். பெயின்ற் உரிந்தது, நிறமும் எனக்குப் பிடிக்காத நீலம். ரீச் 39, ஸ்ராக் 49. கிராங் 165 மில்லிமீற்றர், முந்தினது 172.5. கட்டைக் கிராங் என்றால் பெடல் மேலே வரும்போது தொடை அவ்வளவு உயராது, குனிந்திருக்கும்போது மூச்சுக்கு இடம் கிடைக்கும். இந்தச் சைக்கிளைப் போய்ப் பார்ப்பதற்கு முதலே அளவுகளைப் போனில் கேட்டு வாங்கினேன். விற்றவருக்கு அலுப்பு வந்தது. பரவாயில்லை.

ஒரு குறை இருக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. சின்ன பிறேம் என்பதால் இதற்குப் பழைய 650சி சில்லு. ரயரில் 26 என்று போட்டிருக்கும். ஆனால் எங்கட ஊர்க் கடையில் தொங்குகிற 26 இதற்குப் பூட்டாது. 26 என்ற பெயரிலேயே பல அளவு இருக்கிறது. ரயரின் பக்கத்தில் சின்னதாக அடித்திருக்கிற இலக்கத்தைப் பார்க்க வேணும். மவுண்டன் சைக்கிளுக்கு 559, எங்கட சாதாரண 26க்கு 590, என்னுடையதுக்கு 571. யாழ்ப்பாணத்தில் தேடிக் களைத்து, கொழும்பில் இருந்து இரண்டு ரயரும் நாலு ரியூப்பும் எடுத்து வைத்திருக்கிறேன். இலக்கத்தின் மேல் எனக்கு இருந்த கடைசி நம்பிக்கையும் அதோடு போனது.

வாங்க யோசிக்கிறவர்களுக்கு ஒன்றைத்தான் சொல்லுவேன். முதலில் உங்களை அளந்து, ஏதாவதொரு சைக்கிளில் உங்களுக்குச் சுகமான நிலையைக் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த நிலைக்கு வரக்கூடிய பிறேமைத் தேடுங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் நின்றால், கொஞ்சம் சின்னதை ஸ்ரெம்மாலும் ஸ்பேசராலும் பெரிதாக்கலாம், பெரிதைச் சின்னதாக்குவது கஷ்டம். அதற்காக மிகச் சின்னதை வாங்கி முன்னுக்குக் கோபுரம் கட்டவும் வேண்டாம், அதுவும் ஆடும். பெரிதாய் இருந்தால் பிறகும் உதவும் என்ற கதை சப்பாத்துக்குச் சரி. சைக்கிள் இன்றைக்கு இருக்கிற உடம்புக்குத்தான்.

பங்குனியில் நாங்கள் மூன்று பேரும் எங்கட ட்ரையத்லனைச் செய்தோம். கசூரினாவில் கடல் கனதூரத்துக்கு ஆழம் இல்லை. அதனால் கரையோடு சமாந்தரமாக நீந்தி, கால் தட்டின இடமெல்லாம் சிரித்தோம். ஒருத்தி றோட் சைக்கிள், ஒருத்தி லுமாலா. நீந்துபவள்தான் முதலாவது, லுமாலாவில். நான் இரண்டாவது. பொன்னாலைப் பாலத்தில் போகும்போது காற்றே இல்லை. பாலம் முடியும் வரைக்கும் முழங்கையைத் தாங்கியில் இருந்து எடுக்கவில்லை. அம்மா கரையில் கஞ்சிப் போத்தலோடு நின்றா.

போன கிழமை ஒரு மெசேஜ் வந்தது, நம்பர் தெரியாது. "அக்கா, வவுனியாவில இருந்து. ஒரு சைக்கிள் பாத்திருக்கிறன். ரீச் 39.5 எண்டு சொல்லினம். எனக்குக் காணுமா?"

அவனின் கை நீளமும் மேலுடம்பும் எனக்குத் தெரியாது. "முதல்ல ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கோ தம்பி, பக்கத்தில இருந்து" என்று போட்டேன். இன்னும் அனுப்பவில்லை.